பங்குனி வரை

தண்ணி வடிந்த மூன்றாம் நாள்
பாடசாலையிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு
முரசுமோட்டைக்குத் திரும்பினோம்.
படலை நின்றது. வேலி இல்லை.
ஆனாலும் படலையைத் திறந்துதான் உள்ளே போனோம்.

முதல் வேலை மெயின் சுவிச்.
கெங்காதரன் காய்ந்த பலகையில் ஏறி நின்று
தும்புத்தடிக் காம்பால் அதைத் தட்டி விழுத்தினார்.
கரண்ட் எப்பவோ நிறுத்தியாச்சு,
என்றாலும் நம்பக்கூடாது என்றார்.

பிறகு சேறு.
ஈரம் இருக்கும்போதே வழிக்க வேண்டும்;
காய விட்டால் அது சீமெந்தோடு
சம்பந்தம் செய்துகொள்ளும்.
குளத்தின் அடியில் கிடந்த மண்
எங்கள் சாமியறைக்குள் நாலு விரல் தடிப்பில்.
அதற்குள், அரிசி வாளிக்குப் பக்கத்தில்
ஒரு விரால்,
வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு.
சின்னவள் அதை அள்ளி வாய்க்காலுக்குக் கொண்டோடினாள்.
நான் குழம்பை நினைத்தேன்.
சொல்லவில்லை.

கிணற்றை மூன்று தரம் இறைத்தோம்.
பம் இரவல், எண்ணெய் எங்கள் காசு.
மருந்து கரைத்து ஊற்றிவிட்டுப் போனார்கள்.
ஒரு கிழமைக்குத் தேத்தண்ணி
ஆசுப்பத்திரி மணத்தது.

பொலித்தீன் பைக்குள் இருந்தும் நனைந்தது
காணி உறுதி.
அவசரப்பட்டு இழுக்கக்கூடாது.
தாளுக்கும் தாளுக்கும் நடுவே
பழைய பேப்பர் வைத்து, அம்மிக்குழவியால் பாரம் வைத்து
இரண்டு நாள் பொறுத்துப் பிரித்தோம்.
கங்கையைத் தலையில் தாங்கியவன் பெயர்;
கங்கைதான் கரைந்துபோயிருந்தது.
தரன் மட்டும் மிச்சம்.
'இனி அப்படியே கூப்பிடு' என்று சிரித்தார்.
வெள்ளத்துக்குப் பிறகு வீட்டில்
முதல் சிரிப்பு அது.

கிராம அலுவலர் தவறஞ்சினி
நாடா பிடித்துச் சுவரை அளந்தாள்.
கோடு இரண்டு அடி ஒன்பது அங்குலத்தில்.
படிவத்தில் ஒரு நிரல்: வாங்கிய ஆண்டு.
கட்டில், பதினொன்று.
தையல் மெஷின், பன்னிரண்டு.
அலுமாரி, பதின்மூன்று.
பிறிஜ், பதினாறு, இன்னும் இரண்டு தவணை.
'பத்துக்கு முந்தின சாமான் ஒண்டும் இல்லையோ அக்கா?'
'அது வேற படிவத்தில இருக்கு, பிள்ளை.'
அவள் பேனையை ஒருதரம் மூடி, திறந்தாள்.
அவளுடைய வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

உண்மையில் ஒன்று இருந்தது.
ஒரு சட்டி மூடி.
சட்டியை மாத்தளனில் விட்டுவிட்டு
மூடியை மட்டும் ஏன் கொண்டுவந்தேன் என்று
இன்றைக்கும் தெரியாது.
பிறகு வாங்கிய எந்தச் சட்டிக்கும் அது பொருந்தவில்லை.
வெள்ளம் அதைக் கொண்டுபோய்
பக்கத்து வளவுப் பூவரசில் செருகியிருந்தது.
எட்டி எடுத்துக் கழுவி வைத்தேன்.
அதைப் படிவத்தில் எழுதவில்லை.

மூன்றாம் கிழமை சுவரில் உப்புப் பூத்தது.
துடைத்தால் மறுநாளும் பூத்தது.
சுண்ணாம்பு இப்போதைக்கு இல்லை,
சுவர் மூச்சுவிட்டு முடியட்டும்.

கதவுதான் மூடவில்லை.
ஊறி, வீங்கி, நிலையில் இடித்துக்கொண்டு நின்றது.
தச்சுவேலை மடுத்தீன் வந்து
மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல் தட்டிப் பார்த்தார்.
சீவுளி பைக்குள் இருந்தது. எடுக்கவில்லை.
'இப்ப சீவினா, பங்குனி வெயிலுக்குச் சுருங்கி
விரல் போற நீக்கல் விழும்.
விடுங்கோ. தானா இறங்கும்.'
'அதுமட்டும்?'
'ஒரு கல்லை வையுங்கோ.'

கதவு மூடாமல் படுப்பது
இந்தப் பக்கத்தில் லேசான காரியம் இல்லை.
முதல் இரவு ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை.
அடுத்த இரவு பிள்ளைகள் கொண்டார்கள்.
நாய் குரைத்தால்
நானும் அவரும் ஒரே நேரத்தில் எழும்பி
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு படுத்தோம்.

ஆறாம் இரவோ ஏழாம் இரவோ
கல்லைத் தாண்டி ஒரு தவளை உள்ளே வந்தது.
அறை நடுவில் குந்தியிருந்து
நாலு தரம் கத்திப் பார்த்தது.
பிறகு, ஈரம் காணாது போல,
வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

எழும்பிச் சுவரைத் தொட்டேன்.
எனக்கு இன்னும் குளிர்ந்தது.
தவளைக்கு என்னைவிடத் தெரியும் என்று
நினைத்துக்கொண்டு படுத்தேன்.